இசைத்தட்டுக்கு அழுத பெரியப்பா

என் அப்பா செத்த அன்று பெரியப்பா அழவில்லை. பாடை கட்டுகிறவனிடம் மூங்கில் யார் தோப்பில் வெட்டியது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். தன் தோப்பு மூங்கிலாக இருந்துவிடக் கூடாதே என்கிற கவலை. கருமாதி முடிந்த மறுநாள் சாயங்காலம் கூடத்தில் இருந்த ரேடியோகிராமின் மூடியைத் திறந்தார். ஒரு இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்து, வேட்டி முனையால் துடைத்து, ஊசியை வைத்தார். பாட்டின் மூன்றாவது அடியில் வயலின்கள் எல்லாம் சேர்ந்து மேலே போகும். அந்த இடத்தில் தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவுக்காகத்தான் அழுகிறார் என்று நம்பி அவர் மடியில் போய் உட்கார்ந்தேன். பாட்டு கெடுகிறது என்று இறக்கிவிட்டார்.

ஈரமான கண் இருந்தால் ஈரமான மனசு இருக்கும் என்று நம்புகிறவர்கள் என் பெரியப்பாவைப் பார்த்ததில்லை.

அது ஒரு இந்திப் படத்தின் பாட்டு. படத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. படம் ஒரு பாவமும் செய்யவில்லை. வாய்க்கால் வழக்குக்காக மெட்ராஸ் ஐகோர்ட்டுக்குப் போனவர், வாய்தா தள்ளிப்போனதால் வெயிலுக்குப் பயந்து மவுண்ட் ரோட்டில் ஒரு தியேட்டருக்குள் நுழைந்திருக்கிறார். மதியம் பார்த்த படத்தைச் சாயங்காலமும் பார்த்தார். அடுத்த வாய்தாவுக்குப் போனபோது மறுபடி பார்த்துவிட்டு, ரேடியோகிராமும் இசைத்தட்டுமாக வந்து இறங்கினார். வலங்கைமானுக்குக் கிழக்கே எங்கள் ஊரில் பாதி வீட்டுக்குக் கரண்டு வராத காலம் அது. அந்த மரப்பெட்டியைப் பார்க்கவே வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

அவருக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் படத்தின் கதையைச் சொல்லாமல் யாரையும் வீட்டிலிருந்து அனுப்ப மாட்டார். உரக்கடைக்காரர், மாட்டு வைத்தியர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் எல்லோரும் கேட்டாக வேண்டும்.

"பெரிய குடும்பம். தலைமேல அண்ணன்காரன். மீசை, சால்வை, கைத்தடி. தம்பி வெளியூரு போயிருக்கான். தம்பி பொண்டாட்டி இருக்காளே, கொத்துச்சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு ஆட்டம் போடுறா. குடும்பமே ரெண்டாவுற நெலமை. அண்ணன் என்ன பண்ணான்? சாவிய வாங்கிக்கிட்டு, கொட்டுற மழையில வெளிய போடின்னுட்டான். கல்லு மாதிரி நிக்கிறான். ஆனா உள்ளுக்குள்ள அழுவுறான் பாருங்க, அதுதான் நடிப்பு. கடைசியில அவளே திரும்பி வந்துடுறா. எல்லாருமா நின்னு இந்தப் பாட்டைப் பாடுறாங்க. குடும்பம்னா அது குடும்பம்."

கேட்பவர் தலையாட்டுவார். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "எல்லாரும் சொல்றாங்க, அந்த அண்ணன் அசல் நான்தான்னு" என்பார். யாரும் சொன்னதில்லை. அந்த வட்டாரத்தில் அந்தப் படத்தைப் பார்த்தவரே அவர் ஒருவர்தான்.

பல வருஷம் கழித்து அந்தப் படத்தை என் வீட்டு டிவியில் பார்த்தேன். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. தம்பி மனைவி ஆட்டமெல்லாம் போடவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறவள் அவள். கோள்மூட்டுகிறவர்கள் பேச்சைக் கேட்டு அண்ணன்தான் அவளைத் துரத்துகிறான். கடைசிக் காட்சியில் அவள் இருக்கும் இடத்தைத் தேடிப் போய், கொத்துச்சாவியை அவள் காலடியில் வைத்து, முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்தே நிற்கிறான். மூன்று தரம் பார்த்தவர் இதை எப்படிப் பார்க்காமல் விட்டார் என்று யோசித்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. அந்தக் காட்சியைப் பற்றியும் அவர் சொல்லியிருக்கிறார்: "கீழ கெடக்குற சாவிய எடுக்கக் குனியறான்."

அவருக்குப் பாட்டென்றால் மெட்டு மட்டும்தான். வார்த்தை என்று ஒன்று அதற்குள் இருக்கிறது, அதை யாரோ யாருக்கோ சொல்கிறார்கள் என்பதெல்லாம் அவர் புத்தியில் ஏறியதே கிடையாது. மனுஷர்கள் பேசுவதையும் அப்படித்தான் கேட்டார்.

அப்பா போன பிறகு எங்கள் பாகமும் அவர் கையில்தான் இருந்தது. அம்மாவும் நானும் அதே வீட்டில், சமையலறைக்குப் பக்கத்து அறையில். அம்மா அவரோடு நேருக்கு நேர் ஒரு சொல் பேசியதில்லை. கணவனின் அண்ணனோடு பேசக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொல்ல வேண்டியதைப் பெரியம்மாவிடம் சொல்வாள். பெரியம்மா அதை அவரிடம் சொல்வாள். அவர் மூன்றடி தள்ளி ஊஞ்சலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டுதான் இருப்பார். ஆனாலும் பெரியம்மா இன்னொரு தரம் சொல்கிறவரை கேட்காதவர்போல் முகத்தை வைத்துக்கொள்வார். தினமும் சாயங்காலம் இசைத்தட்டு போட்டதும் உள்ளே பார்த்து, "கேக்குதா?" என்பார். கதவோரம் நிற்கும் அம்மா தலையசைப்பாள். பெரியம்மா, "கேக்குதாம்" என்பாள்.

ஊரில் காற்று மாறிய காலத்தில் அவருடைய இந்திப் பாட்டுக்குக் கொஞ்சம் சோதனை வந்தது. காலேஜ் பையன்கள் ரயில் நிலையங்களில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள். எங்கள் பக்கத்துப் பையன்களுக்குத் தார் டின் வாங்கிக் கொடுத்தது என் பெரியப்பா. "தமிழுக்காக என் உசுரையும் குடுப்பேன்டா" என்று வாசலில் நின்று சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து கதவைத் தாழ்போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அழுதார். இசைத்தட்டு அதற்குப் பிறகு ஒரு நாகஸ்வரத் தட்டின் உறைக்குள் வாசம் செய்தது. ஆட்சி மாறியதும் வேட்டிக் கரையும் மாறிவிட்டது. பழைய கதர் வேட்டிகளை மாட்டைத் துடைக்கப் போட்டுவிட்டார். அதையும் ஒரு கொள்கைபோலச் சொல்லிக்கொண்டார்.

களத்தில் அவர் கூலி நெல் அளப்பதைப் பார்க்க வேண்டும். மரக்காலில் நெல்லைக் கொட்டித் தலையை வழிக்கும்போது மற்றவர்கள் கையை நீட்டி வழிப்பார்கள். அவர் உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு வழிப்பார். நடுவில் ஒரு சிறங்கை நெல் அவர் பக்கம் வந்துவிடும். அவர் வயல்களில் வேலை செய்யும் கீழத்தெரு ஆட்கள் தலைமுறையாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அங்கே செங்கொடி ஏறியது. கூலியில் அரை லிட்டர் நெல் கூட்டிக் கேட்டார்கள். அவர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார். "நம்ம குடும்பத்துல ஒருத்தனா நெனச்சேனே" என்றார். தன் குடும்பத்தில் ஒருத்தியை எப்படி வைத்திருந்தார் என்பது கதவோரம் நின்ற அம்மாவுக்குத் தெரியும்.

கீழத்தெருவில் சங்கக் கூட்டம் நடக்கும் சாயங்காலங்களில் அவர் ஒரு வேலை செய்தார். கொல்லைத் தென்னை மரத்தில் கூம்புக் குழாயைக் கீழத்தெருப் பக்கம் பார்த்துக் கட்டச் சொல்லி, ரேடியோகிராமிலிருந்து கம்பி இழுத்தார். இந்திப் பயமெல்லாம் பறந்துவிட்டது. அங்கே ஒருவர் பேச எழுந்தால் இங்கே பாட்டு. பேச்சாளர் உட்கார்ந்தால் பாட்டு நிற்கும். மறுபடி எழுந்தால் மறுபடி வயலின். அந்த சம்பாப் பருவம் முழுக்க இதே கூத்து. கூட்டத்தைக் கலைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே பழக்கதோஷத்தில் மூன்றாவது அடிக்கு அழவும் செய்தார். கீழத்தெருப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு மனப்பாடமாயிற்று.

அந்த மார்கழியில்தான் கிழக்கே ஒரு ஊரில் கூலி கேட்டவர்களைக் குடிசையோடு வைத்துக் கொளுத்திய செய்தி வந்தது. பெண்கள், குழந்தைகள். அம்மா அன்று சோறு வடிக்கவில்லை. பெரியப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவனுவளும் கொஞ்சமாவா படுத்துனானுவ" என்றார். பிறகு பாட்டு. பிறகு துண்டு. நான் அவரை வெறுக்க ஆரம்பித்தது அன்றைக்கு. இன்றுவரை நிறுத்தக் காரணம் கிடைக்கவில்லை.

அடுத்த ஆனியில் நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானேன். பெரியம்மாவின் தம்பி மகன் ஒருவன் நீடாமங்கலத்தில் ரைஸ்மில் வாசலில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். தை பிறந்ததும் அவனுக்கு என்னைக் கட்டிவைப்பதாகப் பேச்சு. நிலமும் வெளியே போகாது, நானும் வெளியே போக மாட்டேன். அம்மா ஒரு நாள் சாயங்காலம் கதவோரம் வந்து நின்றாள்.

"அக்கா, பாப்பாவக் கும்பகோணம் காலேஜ்ல சேக்கணும். அவுங்கப்பா பாகத்தப் பிரிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. நான் பாத்து வெள்ளாமை வச்சுக்கறேன்."

பெரியம்மா ஊஞ்சலைப் பார்த்து, "பாகம் கேக்குது" என்றாள்.

பெரியப்பா எழுந்து போய் ரேடியோகிராமைத் திறந்தார். "இந்தப் பாட்ட முழுசாக் கேட்டுட்டுச் சொல்லச் சொல்லு, பாகம் வேணுமான்னு" என்றார். முழுசாகக் கேட்டோம். மூன்றாவது அடிக்கு அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "இப்ப என்ன சொல்லுது?" என்றார்.

அம்மா, "பாகம் வேணும்னு சொல்லுங்கக்கா" என்றாள்.

"குடும்பத்த ஒடைக்கிறதுக்கு என் உசுரு இருக்குறவரைக்கும் சம்மதிக்க மாட்டேன்னு சொல்லு. படிப்பாம். அந்தப் படத்துல அவ்ளோ பெரிய குடும்பம், எந்தப் பொண்ணு காலேஜுக்குப் போச்சு?"

இப்படி ஒரு மூளையோடு வாதாட வக்கீல் படிப்பும் போதாது.

உசுரு இருக்கிறவரை சம்மதிக்காதவருக்கு ஆவணி முடிவதற்குள் சம்மதம் வந்துவிட்டது. வக்கீல் குமாஸ்தா கும்பகோணத்திலிருந்து வந்தார். நில உச்சவரம்பு முப்பதிலிருந்து பதினைந்து ஏக்கருக்கு இறங்கப்போகிறது, ஒரே பேரில் இருந்தால் மிச்சத்தை சர்க்கார் எடுத்துக்கொள்ளும், இப்போதே பாகம் போட்டுவிடுங்கள் என்றார். பெரியப்பா அந்த வாரம் பாட்டே போடவில்லை. பிறகு ஒரே காலைப்பொழுதில் குடும்பத்தை நாலாக உடைத்தார். அவருக்கு ஒன்று, ஹாஸ்டலில் படித்த மகன்கள் இருவருக்கும் ஒவ்வொன்று, அம்மாவுக்கு வடக்குவெளி நிலம். எண்ணிக்கை நிரம்ப அம்மா தேவைப்பட்டாள்.

"பேருக்குத்தான்னு சொல்லிடு. கையெழுத்துப் போட்டா போதும்" என்றார் பெரியம்மாவிடம். அம்மா, "சரிங்கக்கா" என்றாள். பாகம் கேட்டதற்குப் பாட்டுப் போட்டவர், இப்போது வாடகைக் கார் வைத்து அம்மாவை வலங்கைமான் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். சப்-ரிஜிஸ்டிரார் கண்ணாடியை இறக்கிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"இந்த நெலம் இனிமே உங்களுக்குச் சொந்தம். புரிஞ்சு கையெழுத்துப் போடுறீங்களாம்மா?"

"புரிஞ்சுதான் போடுறேங்க."

பெரியப்பா பின்னால் நின்று சிரித்தார். நல்ல நடிப்பு என்று நினைத்திருப்பார். நடிப்பு என்றால் அவருக்குப் பிடிக்கும்.

புரட்டாசியில் சம்பா நடவு வந்தது. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. அரை லிட்டர் கூட்டித் தருகிறேன் என்று பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. கீழத்தெரு ஆட்கள் அவர் வயலில் இறங்க மறுத்துவிட்டார்கள். வெளியூர் ஆள் கொண்டுவர லாரிக்குச் சொல்லியனுப்பினார். அன்று சாயங்காலம் அம்மா கதவோரம் வந்தாள்.

"அக்கா, வடக்குவெளிக்கு நானே ஆளு விட்டுக்கறேன். கேக்குற கூலியக் குடுத்துடுறேன்னு சொல்லிட்டேன். அவுங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்."

பெரியம்மா அதை அப்படியே சொன்னாள். அவர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். காதில் விழுந்தது. ஏறவில்லை.

மறுநாள் விடிந்து வெயில் ஏறும்போது வடக்குவெளி வரப்பில் நடவு ஆட்கள் வந்து நின்றார்கள். முன்னால் அஞ்சலை. நடவுப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. அவள் முந்தானையைச் செருகினால்தான் மற்றவர்கள் சேற்றில் கால் வைப்பார்கள். அம்மாவும் நானும் வரப்பில் நின்றோம். சற்று நேரத்தில் பெரியப்பா குடை பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் பண்ணை வேலைகளைக் கவனிக்கும் அவருடைய காரியக்காரர்.

"யாரைக் கேட்டு வந்தீங்க?"

"நெலத்துக்காரங்களக் கேட்டுத்தாங்க ஐயா" என்றாள் அஞ்சலை.

"நெலத்துக்காரன் நான் இங்க நிக்கிறேன்."

அஞ்சலை அம்மாவைப் பார்த்தாள். பெரியப்பாவுக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது. காரியக்காரர் பக்கம் திரும்பி, "அது பேருக்கு எழுதுனதுன்னு சொல்லுய்யா இவளுவகிட்ட" என்றார்.

அம்மா அவரை நேராகப் பார்த்தாள். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியாது, கூப்பிட்டதே இல்லை. அதனால் முறை எதுவும் சொல்லாமல் பேசினாள்.

"பேருக்கு எழுதுனதுன்னு வலங்கைமான் ஆபீசுல வந்து சொல்லுங்க. நானும் கூட வரேன். மத்த மூணு பாகமும் பேருக்குத்தான்னு நானும் சொல்றேன்."

காரியக்காரர் வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று அக்கறையாகப் பார்த்தார். பாகம் பொய்யென்று பெரியப்பா ஒரு வார்த்தை வெளியே விட்டால் நாலு பாகத்தில் பதினைந்து ஏக்கர் போக மிஞ்சியதெல்லாம் சர்க்காருக்குப் போகும். அம்மாவின் பாகம் நிஜம் என்று விட்டால் அது மட்டும் போகும். இந்தக் கணக்கு அவருக்கு விளங்க நேரமாகவில்லை. நிலக் கணக்கு மட்டும் எப்போதும் உடனே விளங்கிவிடும்.

அவருக்குக் கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. எங்கள் ஊரில் முதல் நாற்று முடியைச் சுமங்கலி கையால்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். "தாலி அறுத்தவ கையால மொத நாத்தா? வெளங்குமா வெள்ளாமை?" என்றார். அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னார். படத்தில் அந்த அண்ணன்கூட அப்படிச் சொல்லவில்லை.

அஞ்சலை குனிந்து ஒரு நாற்று முடியை எடுத்து, சேறு சொட்டச் சொட்ட அம்மா கையில் வைத்தாள். "போன வருசம் பெரியம்மா கையாலதான் எடுத்துக் குடுத்தாங்க. பூச்சி விழுந்து பாதிக்கு மேல பதராப் போச்சு. யாரு நெலமோ அவுங்க குடுக்கட்டும். குடுங்கம்மா."

அம்மா அந்த முடியைக் கண்ணில் ஒற்றி அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். குலவை எழுந்தது. பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். சேறு ஒட்டிய அம்மாவின் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

அந்த நிலம் கடைசிவரை அம்மாவிடமே இருந்தது. நீடாமங்கலத்துக்காரன் வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். அடுத்த ஆனியில் நான் கும்பகோணத்தில் சேர்ந்தேன். ஆனால் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வந்த நான், அவர் அன்று வரப்பில் நின்றதைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

நட ஆரம்பித்ததும் அஞ்சலை பாட்டெடுத்தாள். முதல் அடியிலேயே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருடைய பாட்டு. தென்னை மரத்துக் குழாய் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்த அதே மெட்டு. வார்த்தை மட்டும் கீழத்தெருவுடையது.

அளக்கையில குழிஞ்ச கையி அய்யாவுக்கு
பாட்டு வந்தா ஈரக் கண்ணு அய்யாவுக்கு

இப்படியே போயிற்று. வேட்டிக் கரை மாறியது வந்தது, தார் டின் வந்தது, தம்பி பொண்டாட்டியை நாலாவது பாகமாக எண்ணியது வந்தது. ஒவ்வொன்றுக்கும் வரிசை முழுக்கத் திருப்பிப் பாடி அடுத்த நாற்றை ஊன்றியது. காரியக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். பெரியப்பா கோபத்தில் குடையை வீசப்போகிறார், போலீசைக் கூப்பிடப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் அசையவில்லை.

வயலின்கள் மேலே போகும் இடம் வந்தது. வயலின் இல்லாததால் பெண்கள் குரலாலேயே அதைத் தூக்கினார்கள். பெரியப்பாவின் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. துண்டை எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். நிலம் போனதற்காக அழுதிருந்தால்கூட, சரி, மனுஷன் என்று எண்ணியிருப்பேன்.

பாட்டு முடிந்து அவர் திரும்பியபோது வரப்பு குறுகலாக இருந்தது. நான் ஒதுங்கி வழிவிட்டேன். என் முன்னால் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மூணாவது அடியில சுதி கொஞ்சம் எறங்கிடுச்சு பாப்பா. மத்தபடி அப்புடியே பாடுறாளுவ" என்றார்.

அவர்கள் பாடியது தமிழில்.